பூனாகலைக்குப் பஸ்ஸில் வந்த கடல்

எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஒரு முறை கடல் வந்திருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் கேன்களில், பஸ்ஸில், என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டுக் கடலைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அதனால் கடலைக் கொண்டுவந்தவன் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கேன்களைச் சுமந்து வந்த அன்று எனக்கு அப்படி எந்தப் பெருமையும் இருக்கவில்லை. என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டிருந்தார்கள். நான் திருடவில்லை என்று காட்ட அந்தத் தண்ணீரைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

நான் பதுளையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறேன். வீடு பூனாகலைத் தோட்டத்தில். திங்கட்கிழமை விடிய பஸ் ஏறினால் சனிக்கிழமை பொழுது சாயத்தான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவேன். எங்கள் பட்டறையில் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் வேலைதான். தேயிலை பேக்டரிகளுக்குத் தட்டுகளும் தள்ளுவண்டிகளும், சாப்பாட்டுக் கடைகளுக்குக் கழுவும் தொட்டிகள், கோயிலுக்கு எப்போதாவது ஓர் உண்டியல். முதலாளி பதுளைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவரிடம் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஒட்டிய ஒட்டில் விரலை வைத்துத் தடவினால் எங்கே தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்று தெரியாது என்பதும் தெரியும். இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொண்டு வந்தார்.

கிழக்குக் கரையில், பொத்துவிலுக்கு அந்தப் பக்கம், இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீரை இறைத்துத் தொட்டிகளுக்குக் கொண்டுபோக ஸ்டெயின்லெஸ் குழாய் வேலை எங்களுக்குக் கிடைத்தது. கடலுக்குத் தாங்கும் நல்ல ரகக் குழாயாகப் பார்த்து முதலாளி தானே கொழும்புக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதைப் பட்டறையில் அளந்து வெட்டி, வெளிப்பக்கத்தை முகம் தெரியும்படி பாலிஷ் போட்டேன். குழாயின் மேல் கம்பெனிக்காரன் ரகத்தையும் எண்ணையும் அச்சடித்திருந்தான். பாலிஷில் அதுவும் அழிந்துபோயிற்று. பளபளவென்று இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்று நினைத்தேன். புத்திசாலித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் குழாய் முழுவதையும் பண்ணையில் பொருத்தி முடித்து, கடல் தண்ணீரை ஏற்றிச் சோதித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. முதலாளி முன்பே சொல்லியிருந்தார். சோதித்த பிறகு கடல் தண்ணீரை வடித்துவிட வேண்டும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், காயவைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது வெறும் குடத்தை வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்து, இருக்கிற குடம், வாளி, செம்பு எல்லாவற்றையும் கழுத்துவரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நிறைந்த குடத்தில் கண் படவேண்டும். என் மனைவி பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய்வருவதென்றாலும் அப்படித்தான் செய்வாள். நானும் அதைப் பார்த்தே வளர்ந்தவன். புதுக் குழாய், புதுப் பண்ணை, வருவது தீபாவளி. முதன்முதலாகத் தண்ணீர் ஏறிய குழாயை வெறுமையாக்கிவிட்டு ஊருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மீண்டும் மோட்டாரைப் போட்டு வாய்வரை நிரப்பினேன். இரண்டு பக்க வால்வையும் இறுக்கி மூடினேன். மூடிவிட்டு, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வருகிறவனைப்போல நிம்மதியாகப் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

பஸ் புறப்படும் நேரம் முதலாளி எனக்குப் போன் எடுத்தார்.

"வடிச்சாச்சா?"

"ஆமாங்க, வடிச்சாச்சு."

அவ்வளவுதான். விளக்கம் சொல்லப் போனால் ஏச்சு விழும், பஸ்ஸும் போய்விடும். பத்து நாளில் திரும்பி வந்து யாருக்கும் தெரியாமல் வடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் தைப்பொங்கல்வரை நீண்டது. தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்தது. எங்கள் பக்கம் மண் சரிந்து பாதை அடைந்தது. அங்கே பண்ணைக்குள்ளும் வெள்ளம் ஏறியிருந்தது. பொங்கல் கழித்துத் திறப்போம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். குழாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நிறைந்துதானே இருக்கிறது என்று ஆறுதலும் பட்டுக்கொள்வேன்.

பொங்கலுக்குப் பிறகு முதலாளியும் நானும் சேர்ந்தே போனோம். வால்வைத் திறக்கவேண்டிய வேலையே வைக்காமல் தண்ணீர் சொட்டி முடிந்திருந்தது; குழாய்க்கு அடியில் நனைந்து கிடந்த மணலை வெள்ளத்தின் ஈரம் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். என் ஒட்டுகளுக்குப் பக்கத்தில் செங்காவி நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கறை. துடைத்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஊசி போகிற அளவில் ஓட்டை. ஒன்று இரண்டு அல்ல, ஏழெட்டு ஒட்டில் அப்படி இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பண்ணை மேலாளர் சுற்றிவளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. நல்ல ரகம் இரண்டரை மாதத்தில் ஓட்டையாகாது, எங்கேயோ மலிவு ரகத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றார். முதலாளி வாங்கிய சீட்டைக் காட்டினார். "சீட்டு சரி, குழாய் இதுதானா?" என்று கேட்டார் மேலாளர். அச்சு இருந்தால் காட்டியிருக்கலாம். நான்தான் அதைப் பாலிஷ் போட்டு அழித்த புண்ணியவான் ஆயிற்றே.

பண்ணையின் ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிக்க ஒரு பெண் இருக்கிறாள். அப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து அந்த வேலைக்கு வந்தவள். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் கழற்றிய குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஒட்டை இரண்டு பக்கமும் அறுத்துத் தரச் சொல்லி, அதைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

"காத்துப்படாம கொண்டு போங்கண்ணே. இது களவு இல்லேன்னு எனக்குப் படுது. யோசிச்சுட்டு எனக்கு ஒரு கோல் எடுங்க," என்று நம்பரும் கொடுத்தாள். அங்கே என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். இன்றைக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது.

திரும்பும் வழியில் பெரகலச் சந்தியில் தேநீர் குடிக்க வேனை நிறுத்தினோம். முதலாளி கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் வாங்கிக் குடுத்த பைப்ப நீ எங்கயாவது மாத்தினியாப்பா?"

சத்தமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார். பதினான்கு வருடம் என் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் கேட்டார். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழாய் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன், போனில் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீர் நின்றதால் ஸ்டெயின்லெஸ் ஓட்டையாயிற்று என்றால் யார் நம்புவார்? வீட்டில் சில்வர் குடத்தில் நாள் கணக்கில் தண்ணீர் நிற்கிறது, ஓட்டையா விழுகிறது? வடித்ததாகப் பொய் சொன்னவன் குழாயை மாற்றமாட்டானா என்று கேட்டால் என்ன சொல்வது?

"இல்லீங்க," என்று மட்டும் சொன்னேன்.

"சரிப்பா. கொஞ்ச நாளைக்கு வீட்டிலயே இரு. அவங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்ல."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வேனில் ஏறவில்லை. அப்புத்தளை பஸ் வந்தது, அதில் ஏறிக்கொண்டேன். நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

என் மனைவி தோட்டத்து பேக்டரியில் வேலை செய்கிறாள். ரோலரில் அரைபட்ட கொழுந்தைப் பரப்பிப் பதம் வரவிடும் பகுதியில் கழுவுவதும் துடைப்பதும் அவள் பொறுப்பு. அன்று நடந்ததை அவளிடம் சொன்னேன், பொய் சொன்ன பகுதியை விட்டுவிட்டு. அவள் பொலித்தீனை அவிழ்த்தாள். அழுகிய முட்டை நாற்றம் அறையெல்லாம் அடித்தது. குழாயின் உள்ளே விரலை விட்டாள். கறுப்பாக, வழுவழுவென்று விரலோடு வந்தது.

"இந்த வழுவழுப்ப எனக்குத் தெரியுங்க," என்றாள். "ரோலருக்கு அடியில ஒரு மூலையில சாறு தங்கிருச்சின்னா இப்பிடித்தான் பிடிச்சுக்கும். ஒரு நாளு கழுவாம விட்டாப் போதும், தேயில புளிச்ச வாடை அடிக்கும். தேயிலை மேக்கர் ஐயா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. கழுவுனா மட்டும் பத்தாது, காயணும்."

அவள் விரலைத் துணியில் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இதுக்குள்ள தண்ணி நின்னுச்சா?"

ஒப்புக்கொண்டேன். நிரப்பியதை, மூடியதை, போனில் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசத்தான் செய்தாள். ஆனால் தண்ணீரை விட்டதற்காக அல்ல.

"குடத்த நெறச்சு வச்சது நம்ம பழக்கம், அதுல தப்பு இல்ல. ஆமாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது யாரோட பழக்கம்? நாளைக்கே போயி மொதலாளிகிட்ட சொல்லுங்க."

மறுநாள் போகவில்லை. நான் தைரியசாலி இல்லை என்பதை எழுதிவைத்துவிடுகிறேன். தண்ணீர் நின்றால் நல்ல ரகமும் ஓட்டையாகும் என்று முதலில் காட்டிவிட்டு, பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே நாள் தள்ளிக்கொண்டேன். அப்புத்தளைப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். சோதித்துப் பார்க்க வழி உண்டா என்று கேட்டேன். அவளிடம் மட்டும் எதையும் மறைக்கவில்லை.

அவள் பொறுமையாகச் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டால் அந்தத் தோல் தானாக மூடிக்கொள்ளும். துரு ஏறாமல் காப்பது அதுதான். கடல் தண்ணீரின் உப்புக்கு அந்தத் தோலைக் கண்டால் ஆகாது, எங்கே பிய்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டுக்குப் பக்கத்தில் சூடு பட்ட இடத்தில் அது ஏற்கெனவே நலிந்திருக்கும். இதுவரை எனக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரியாதது அடுத்தது. ஒரு சொட்டுக் கடல் தண்ணீரில் எண்ணிமுடியாத கிருமிகள் இருக்கின்றன. தண்ணீர் ஓடாமல் நின்றால் அவை குழாயின் சுவரில் குடியேறி, தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பைக் கட்டிக்கொள்ளும். அந்தப் படலம் பிடித்துவிட்டாலே உப்புக்குத் தோலைக் குத்துவது சுலபமாகிவிடும். மேலே இருக்கிற கிருமிகள் தண்ணீரில் கலந்த காற்றையெல்லாம் தின்றுவிட, அடியில் காற்றே இல்லாமல் போகும். காற்றில்லாமல் தோல் மூடிக்கொள்ள முடியாது. காற்று ஆகாத வேறு வகைக் கிருமிகளுக்கோ அந்த இடம்தான் சொர்க்கம். முட்டை நாற்றத்தைக் கிளப்புவது அவைதான்.

"சொத்தைப் பல்லு மாதிரிண்ணே," என்றாள். "வெளிய பாத்தா கடுகு அளவு ஓட்ட. உள்ள பாத்தா பல்லே இருக்காது. உப்பு தனியாவும் அரிக்கும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கூட்டமும் சேந்துக்கிட்டாத்தான் இவ்வளவு வெரசா ஓட்டையாகும்."

என் மனைவி பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கி, "அப்ப ஒண்ணுல பச்சத் தண்ணி, ஒண்ணுல காய்ச்சின தண்ணி ஊத்தி மூடி வச்சா தெரிஞ்சிரும்ல தங்கச்சி?" என்றாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. புத்தகத்தில் இருப்பதும் அதேதான் அக்கா என்றாளாம். அன்றிலிருந்து ஒரு கிழமைக்கு என் மனைவியைப் பிடிக்க முடியவில்லை.

பதுளைக்குப் போனேன். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. அந்தக் குழாயில் மிஞ்சிய துண்டுகள் பட்டறை மூலையில் கிடந்தன, அவற்றை அவர் பூட்டி வைத்திருந்தார்.

"அதுல மூணு துண்டு உங்க கையாலயே எடுத்துக் குடுங்க மொதலாளி. உங்க முன்னாடியே நடுவுல வெட்டி ஒட்டுறேன். ஒவ்வொண்ணுலயும் நீங்களே ஒரு அடையாளம் குத்துங்க. ரெண்டு மாசம் குடுங்க."

"ரெண்டு மாசத்துல என்னா ஆகும்?"

"தண்ணி கொஞ்சம் உள்ள தங்கியிருக்கலாமுங்க. அது அரிக்குதான்னு பாக்கணும்."

கொஞ்சம் தங்கியிருக்கலாமாம்! முழுப் பொய்யை அரைப் பொய்யாகக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்து போய்த் துண்டுகளைத் தேடி எடுத்தார். நான் ஒட்டி முடிக்கும்வரை நின்றார். ஆணியை வைத்து ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தினார். போகும்போது ஒரு கோப்பைத் தேநீரை என் பக்கம் தள்ளினார். பெரகலவில் நான் குடிக்காமல் வைத்த தேநீர் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தக் கடல் பயணம். பொத்துவிலுக்குப் போய், அப்புத்தளைப் பெண் காட்டிய இடத்தில் இரண்டு கேன் நிறையப் பிடித்துக்கொண்டேன். வெல்லவாயவரை தொல்லை இல்லை. அங்கிருந்து கொஸ்லந்தை வழியாகப் பூனாகலைக்கு ஏறும் பஸ்ஸைத் தவறவிட்டேன். பெரகல, அப்புத்தளை, பண்டாரவளை என்று சுற்றித்தான் வரவேண்டியதாயிற்று. கண்டக்டர் கேன்களை முகர்ந்து பார்த்தார். பெற்றோலா என்று சிங்களத்தில் கேட்டார். கடல் தண்ணீர் என்றேன். உங்கள் ஊரில் உப்பு முடிந்துவிட்டதா என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தது.

லயத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? வாசல் இஸ்தோப்பில் கேன்களை இறக்கிவைத்த அரைமணி நேரத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகள் விரலில் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் வாசலில் தெளிக்க ஒரு செம்பு கேட்டார், திருஷ்டி கழியுமாம். பக்கத்து அறைக்காரி கால்வலிக்கு என்று ஒரு போத்தல் கேட்டாள். என் மனைவி கேன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல இவரு மானத்துக்கு வேண்டியத எடுத்துக்கிறோம், மிஞ்சினா எல்லாருக்கும்," என்றாள். சொன்னபடி மிஞ்சியதை எல்லோருக்கும் கொடுத்தாள்.

மூன்று துண்டுகளுக்கும் ரப்பர் மூடி போட்டோம். முதலாவதில் பச்சைக் கடல் தண்ணீர். இரண்டாவதைக் கொதிநீரில் அலசி, நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த கடல் தண்ணீரை ஊற்றி மூடினோம். மூன்றாவதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வடித்து, பீலித் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்தோம். பூனாகலைக் குளிரில் கிருமியும் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும் என்று அப்புத்தளைப் பெண் எச்சரித்திருந்தாள். அதனால் மூன்றையும் அடுப்புக்குப் பக்கத்தில், விறகு காய்கிற சூட்டில் வைத்தோம்.

அந்த நாட்களில் வேலி, கேட், உடைந்த கதிரைக் கால் என்று தோட்டத்தில் கிடைத்த ஒட்டு வேலையைச் செய்தேன். விடிந்தால் மனைவி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டி பேக்டரிக்குப் போவாள், நான் அடுப்படியில் உட்கார்ந்து மூன்று குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவளும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று அப்போது அடிக்கடி நினைத்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அவள் மட்டும் கிழமைக்கு ஒரு தடவை ஒரே கேள்வியைக் கேட்பாள்: "சொல்லிட்டீங்களா?"

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மூன்று துண்டுகளையும் அப்படியே மூடியோடு பதுளைக்குக் கொண்டுபோனேன். முதலாளி முன்னால்தான் திறக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. பட்டறை மேசைமேல் பத்திரிகைத் தாளை விரித்தேன். அவர் தன் எழுத்தைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

கழுவிக் காயவைத்தது கண்ணாடிபோல இருந்தது. காய்ச்சிய தண்ணீர் இருந்ததில் ஒட்டின் ஓரம் இலேசான மஞ்சள் கறை, தேய்த்தால் போய்விட்டது. பச்சைத் தண்ணீர் இருந்ததைத் திறந்ததும் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். கறுப்பு வழுவழுப்பை வழித்தெடுத்துக் கழுவினேன். ஒட்டின் பக்கத்தில் மூன்று புள்ளி. சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து ஒன்றில் விட்டேன். மறுபக்கம் வரவில்லை, ஆனால் ஊசியின் முனை உள்ளே தடையில்லாமல் ஆடியது. வெளியே கடுகு, உள்ளே குகை. முதலாளி ஊசியை வாங்கித் தானும் விட்டுப் பார்த்தார். அவர் வாங்கிய நல்ல ரகம், அவர் குத்திய எழுத்து.

நான் களவு செய்யவில்லை என்பது அந்த மேசைமேல் தெளிவாகக் கிடந்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தாலும் நான் தப்பித்திருப்பேன். தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்தது என்ற அரைப் பொய்யே போதும்.

"மொதலாளி, தண்ணி தங்கலீங்க," என்றேன். "நான்தான் வாயி நெறய நெரப்பி வச்சிட்டு வந்தேன். தீபாவளிக்கு வெறுமையா விட்டுட்டு வர மனசு வரல. நீங்க கேட்டப்ப வடிச்சாச்சுன்னு பொய் சொன்னேன்."

அவர் ஊசியைத் தாள்மேல் வைத்தார். வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. என் பதினான்கு வருடமும் முடிந்தது என்றே நினைத்தேன்.

"உள்ள போயி சாமி படத்துக்கு முன்னாடி பாரு," என்றார்.

போய்ப் பார்த்தேன். பித்தளைச் செம்பில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது.

"கடையப் பூட்டிட்டு ஊருக்குப் போனா நானும் அத நெறச்சு வச்சிட்டுத்தான் போவேன்," என்றார் நான் திரும்பி வந்ததும். "நான் அங்க நின்னிருந்தா நானும் வடிச்சிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. சொல்லியிருந்தா, பெரகலவுல நான் அப்பிடி ஒரு கேள்விய உன்கிட்ட கேட்டிருக்க மாட்டேன். அத நெனச்சு நெனச்சு இத்தன நாளு எனக்குச் சோறு எறங்கல."

அவருக்கும் சோறு இறங்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து என் மானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பண்ணைக்காரர்களிடம் அவரே மூன்று துண்டுகளையும் கொண்டுபோனார். அப்புத்தளைப் பெண் மேலாளருக்கு விளக்கிச் சொன்னாள். தவறு எங்கள் பக்கம், புதுக் குழாய் போட்டுத் தருகிறோம் என்று முதலாளி ஒரே பேச்சில் முடித்தார். களவு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. குழாயை மறுபடி நானே ஒட்டினேன், இந்த முறை அச்சை அழிக்காமல்.

புத்தாண்டுக்கு முதல் நாள் சோதனை முடிந்தது. எல்லா வால்வையும் திறந்துவிட்டேன். கடல் முழுக்கக் கடலுக்கே போயிற்று. பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினேன், காற்றடித்தேன். வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்தேன். துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அப்புத்தளைப் பெண் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "சோப்பு வாடைதான் வருது, போயிட்டு வாங்கண்ணே," என்றாள். குழாய் அடிமுதல் நுனிவரை வெறுமையாக இருந்தது. எனக்கு அப்போதும் உள்ளூர ஒரு சங்கடம்தான். பழக்கம் லேசில் விடாது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டேன். முதலாளி எடுப்பார், கேட்பார், இந்த முறை உண்மையைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மொனராகலை வந்தது. போன் அடிக்கவில்லை. வெல்லவாய வந்தது. அப்போதும் இல்லை. பொறுக்க முடியாமல் நானே அவருக்கு எடுத்தேன்.

"மொதலாளி, வடிச்சாச்சுங்க. கழுவிக் காயவும் வச்சாச்சு."

"நான் கேக்கலையேப்பா," என்றார். "வீட்டுக்குப் போயி நல்லா வருசத்தக் கொண்டாடு."

வெல்லவாயவில் ஏறிய கூட்டம் என் கண்ணைப் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.